புறாமலையும் நாங்களும்

நிலாவெளிக் கரையில் நின்று கடலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது புறாமலைதான். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். இயந்திரப் படகில் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடலாம். ஆனால் அந்தக் கரையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, மீண்டும் வந்து குடியேறிய எமது பெண்களில் எத்தனை பேர் அந்தத் தீவில் கால் வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கருவாடு போடும் பெண்களின் மாதாந்தக் கூட்டமொன்றில் கேட்டேன். பதினாறு பேர் இருந்தார்கள். ஒருவரும் கை உயர்த்தவில்லை.

“அது வெளிநாட்டுக்காரர் போற இடம் மிஸ்” என்றார் ஓர் இளம் தாய்.

“பாஸ் இல்லாமல் கடலில இறங்கினா பிடிப்பாங்கள் எண்டு சொல்லித்தான் எங்கள வளத்தது” என்றார் இன்னொருவர்.

மூலையில் இருந்த அக்கா ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டு கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. அப்போது வயிற்றில் இருந்த மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அக்கா கடற்கரைக்கு மீன் வாங்கப் போவாரே தவிர, காலை நனைத்ததில்லை.

கடந்த ஆனி மாதம் ஒரு காலைப் பொழுதில் நாங்கள் புறாமலைக்குப் போனோம். குழுச் சேமிப்பில் கொஞ்சம் எடுத்தோம். மிச்சத்தைப் படகுக்காரத் தம்பி ஒருவர் குறைத்துக்கொண்டார். பதினொரு பேர் வந்தார்கள். அந்த அக்காவும் வந்தார். ஏன் வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மலை என்று ஏன் சொல்கிறோம்?

புறாமலை என்பது உண்மையில் ஒரு தீவு அல்ல, பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள். பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. இவ்வளவு சிறிய நிலத்தின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. படகு நெருங்க நெருங்கப் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல எழுந்து நிற்கும். எமது முன்னோர் இதனைத் தீவு என்னாமல் மலை என்றதற்குக் காரணம் அப்போதுதான் விளங்குகிறது. பாறை இடுக்குகளில் உப்புக் காற்றுக்கு வளைந்துபோன பற்றைகள். பெரிய தீவின் கரையில் மணலைவிடச் செத்த முருகைத் துண்டுகளே அதிகம். செருப்பில்லாமல் நடந்தால் கால் கிழியும். சிறிய தீவைச் சுற்றிக் கரடுமுரடான பாறைகள் நீருக்கு மேலே தலை காட்டிக்கொண்டிருக்கின்றன.

இலங்கையின் பெரும்பகுதி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பழம் பாறைகளால் ஆனது. திருகோணமலையின் நிலமும் அப்படித்தான். சுவாமிமலையில் கோணேசர் கோயிலடியில் நின்று கீழே பார்க்கும்போது தெரியும் அந்தச் செங்குத்தான பாறையையும் புறாமலையையும் மனதில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கடலும் கல்லும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் கரை எங்களுடையது. மகாவலி கங்கை கடலில் சேரும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கு அடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம் வரை இறங்கிச் செல்கிறது. துறைமுகம் இவ்வளவு ஆழமாக இருப்பதும், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகே வருவதும் இதனால்தான்.

இனிப் புறாக்களுக்கு வருவோம். இங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டுவது மாடப்புறா. வீடுகளிலும் கோயில் கோபுரங்களிலும் நாம் பார்க்கும் புறாக்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை இந்தக் காட்டு மாடப்புறாதான். பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் இரண்டின் கழுத்துப் பையிலும் பால் போன்ற ஒரு பொருள் சுரக்கும். அதையே குஞ்சுகளுக்கு ஊட்டும். தகப்பனும் பால் கொடுக்கும் என்று நான் சொன்னபோது படகில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு கரை வரை கேட்டிருக்கும்.

குண்டுக்கு இலக்கான தீவு

துறைமுகத்துக்காக வந்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782இல் ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குத் துறைமுகம் மாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைகொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு சித்திரை 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. சுதந்திரத்துக்குப் பிறகும் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கு இருந்தது.

இந்தக் காலத்தில் புறாமலைக்குக் கிடைத்த வேலை, சுடுவதற்கு இலக்காக நிற்பது. பிரித்தானியக் கடற்படையினர் அதனைத் தமது சுடுபயிற்சிக் களமாகப் பயன்படுத்தினார்கள். புறாக்கள் குடியிருந்த பாறையை நோக்கிச் சுட்டுப் பழகினார்கள். போர் என்பது மனிதரை மட்டும் தாக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1963இல் இத்தீவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2003இல், சுற்றியுள்ள கடலையும் சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டயர் பரப்பு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதனை நிர்வகிக்கிறது. தேசியப் பூங்கா என்றால் யானையும் சிறுத்தையும் உள்ள காடு என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பூங்காவின் காடு தண்ணீருக்குள் இருக்கிறது.

கல் அல்ல, உயிர்

முருகைக்கல் என்று பெயர் வைத்துவிட்டபடியால் அது கல் என்றே நம்புகிறோம். உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. ஒவ்வொரு முருகை உயிரும் மெத்தென்ற உடலும் சிறு கைகளும் கொண்டது. கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு அடியில் ஓர் இருக்கையைக் கட்டும். அதன் உடலுக்குள் மிக நுண்ணிய பாசி குடியிருக்கும். அந்தப் பாசி வெயிலில் உணவு தயாரித்து முருகைக்குக் கொடுக்கும். முருகை அதற்கு இருக்க இடம் கொடுக்கும். இப்படி ஒன்றுக்கொன்று ஆதரவாக இருந்தே பாறை வளர்கிறது. உருண்டைப் பாறை போன்ற முருகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த முருகை ஒன்றைக் கண்டால், அது எமது பாட்டியின் பாட்டி காலத்தில் தொடங்கியது என்று கொள்ளலாம். மான் கொம்பு போலக் கிளைவிடும் முருகைகள் விரைவாக வளரும், விரைவாக முறியும். புறாமலையில் அதிகம் இருப்பது இக்கிளை முருகைகள்தான்.

இங்கு ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகை முருகைப் பாறை மீன்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன. நாம் சந்தையில் விலை கேட்கும் கலவாய், விளைமீன், ஓரா போன்றவை வாழ்வதற்கு இப்படியான பாறைகள் தேவை. ஓரிடத்தில் பிடிக்காமல் விட்டால், அங்கே பெருகும் மீன் எல்லை தாண்டி வலைக்கு வரும். பூங்கா வேலிக்குள் அடங்கியிருப்பது பிறருடைய மீன் அல்ல, எமது அடுத்த வருடத்து மீனின் தாய்தான் என்று படகுக்காரத் தம்பி சொன்னார்.

இந்தப் பாறை பட்ட துன்பங்களும் பல. 1970களின் தொடக்கத்தில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகிக் கிழக்குக் கரையின் முருகைகளைத் தின்றன. 1998இல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியது. சூடு கூடினால் முருகை தன் உடலுக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். இதனை வெளிறல் என்கிறார்கள். அவ்வருடம் தெற்கே ஹிக்கடுவை போன்ற இடங்களில் பெரும்பகுதி முருகைகள் செத்துப்போக, திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பிக்கொண்டன. ஆனால் அதன் பின்னரும் 2010இலும், 2014 தொடக்கம் 2017 வரையும், மீண்டும் 2023இலிருந்தும் உலகம் முழுவதும் வெளிறல் ஏற்பட்டுள்ளது. ஒரு முறை தப்பியது மறுமுறையும் தப்பும் என்று சொல்ல முடியாது.

தண்ணீருக்குள் பார்த்தவை

படகுக்காரத் தம்பியிடம் நீருக்குள் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு இருந்தன. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்தோம். பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மணலில் நின்றபடியே முகத்தை மட்டும் தாழ்த்திப் பார்த்தோம். நீந்தத் தெரியாதவர்களுக்கும் அது போதும். மஞ்சளும் நீலமுமாக மீன்கள் விரலிடுக்கால் போய் வந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் காதுக்கே கேட்டது. அது தின்று கழிப்பதுதான் கரைக்கு வெண்மணலாக வந்து சேர்கிறது.

திடீரென்று ஒருவர் “சுறா!” என்று கத்தினார். சிறகின் நுனியில் மை தொட்டாற்போல் கறுத்த சிறு சுறா ஒன்று எங்களுக்குச் சற்றுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. புறாமலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சுறா இதுதான். சீண்டாதவரை மனிதரை ஒன்றும் செய்யாது. இது முட்டையிடுவதில்லை, மாதக்கணக்கில் வயிற்றில் சுமந்து குட்டி போடும். ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தான். பெரிய மீன்கள் வர முடியாத ஆழமற்ற நீரில்தான் குட்டிகள் வளரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறா வறை செய்து கொடுக்கும் வழக்கம் எங்களுடையது. “அதுவும் எங்களப்போலப் பெத்து வளக்குது” என்று ஒருவர் சொல்ல, சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அழுங்காமை, பேராமை போன்ற கடலாமைகளும் இங்கு வருகின்றன. பெண் ஆமை முட்டையிடுவதற்குத் தான் பிறந்த கரைப் பக்கமாகவே திரும்பி வரும் என்கிறார்கள். எத்தனை ஆண்டு எங்கே அலைந்தாலும் ஊருக்குத் திரும்பும் ஆசை அதற்கும் இருக்கிறது போலும். மணல் சூடாக இருந்தால் குஞ்சுகளில் பெண் அதிகம், குளிர்ந்தால் ஆண் அதிகம்.

பூட்டிய கடல்

கரைவலைச் சம்மாட்டிகள், தெப்பத்தில் போனவர்கள், பருவகாலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பக்கங்களிலிருந்து வந்து வாடி அடித்துத் தொழில் செய்தவர்கள் என்று இந்தக் கரை பலருக்கும் சோறு போட்டது. 1980களிலிருந்து நிலைமை மாறியது. 1990இல் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கங்களிலிருந்து சனங்கள் கையில் அகப்பட்டதோடு ஓடினார்கள். பலர் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். இருந்தவர்களுக்கும் கடல் பூட்டப்பட்டது. பல காலகட்டங்களில் இரவில் போகக் கூடாது, குறித்த தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது, பெரிய இயந்திரம் பூட்டக் கூடாது, பாஸ் இல்லாமல் இறங்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள். கடலுக்குப் போனவர் நேரத்துக்கு வராவிட்டால் பெண்கள் கரையில் காத்து நின்ற இரவுகளை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் தானே ஊருக்குள் வந்தது. இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் சிறுவர்களும் அதிகம். நிலாவெளிக் கரை அன்று பட்டதை இவ்விதழின் வாசகிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விடயத்தை அறிந்திருப்பது நல்லது. முருகைப் பாறை அலையின் வேகத்தைக் குறைக்கும். தென்மேற்குக் கரையில் முருகைக்கல் தோண்டி எடுக்கப்பட்டிருந்த பெரலியவில் நீர் வெகுதூரம் உள்ளே புகுந்து, ஒரு புகைவண்டியையே புரட்டிப் போட்டது. அதற்கு அருகே பாறை காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய அலையையும் பாறை நிறுத்திவிடும் என்பதல்ல இதன் பொருள். கரைக்கு அது ஒரு வேலி, அவ்வளவுதான்.

பூங்காவால் யாருக்கு என்ன?

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். படகு ஓட்டுபவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் வருமானம் வந்தது. ஆனால் படகு ஆண்களின் பெயரில் இருக்கிறது. பெண்களுக்கு விடுதியில் படுக்கை விரிக்கும் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும்தான் அதிகம் கிடைக்கின்றன. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் சேர்ந்தால் அது ஒரு நுண்கடன் தவணைக் காசு. முன்பு அந்தப் பாறையில் தூண்டில் போட்டவர்களுக்கு இப்போது அது தடை செய்யப்பட்ட இடம். வருகிறவர்களிலும் சிலர் முருகையை மிதித்து நிற்கிறார்கள், போத்தலை எறிகிறார்கள், நினைவுக்கென்று ஒரு துண்டை முறித்துக்கொண்டு போகிறார்கள். பாதுகாப்பு என்பது கரையில் இருப்பவர்களுக்கும் ஏதாவது தந்தால்தான் அவர்களும் காவலுக்கு நிற்பார்கள்.

வெடி போட்ட மீன்

இனி அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன்.

எமது கரையில் வெடி போட்டு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் இதனைத் தடை செய்கிறது. ஆயினும் நடக்கிறது. ஒரு வெடியில் பெரிய மீனும் சாகும், குஞ்சும் சாகும், முருகையும் நொறுங்கும். நொறுங்கிய துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் புதிய முருகை அதில் பிடித்து வளர முடியாது. கை போன இளைஞர்களையும் இந்தக் கரையில் பார்க்கலாம்.

வெடி மீனை நன்றாக அறிந்தவர்கள் கருவாடு போடும் பெண்கள்தான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். வெட்டினால் நடுமுள் முறிந்திருக்கும், உள்ளே இரத்தம் கட்டியிருக்கும், சதை விரைவில் குழைந்துவிடும். உப்புக் கூடப் போட்டால் கருவாடாக்கிவிடலாம். விலையும் மலிவு. எமது குழுப் பெண்களில் பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். அதை நானும் அறிவேன். தவணைக் காசு கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது, “வாங்காதே” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவின் மகனை வெடிக்குப் போகும் ஒரு படகில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நல்ல காசு. “தகப்பனத் தின்ட கடல் இவனயும் கேக்குது” என்று எண்ணியபடியே அவர் எங்களுடன் வந்திருந்தார். அந்தக் கடலுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

அவருடைய முறை வந்தபோது கரையிலேயே நின்றார். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. எல்லோரும் முடித்த பிறகு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாக இறங்கினார். என் கையைப் பிடித்திருந்தார். முகத்தைத் தாழ்த்தியவர் நீண்ட நேரம் எழும்பவில்லை. எழும்பியபோது கண் சிவந்திருந்தது, உப்பு நீரோ என்னவோ. “இவ்வளவு சனம் குடியிருக்கிற இடமா இது?” என்று மட்டும் கேட்டார். மீன்களைத்தான் சனம் என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவரே பேச்சை எடுத்தார். மூன்று மாதத்துக்கு வெடி மீன் வாங்குவதில்லை என்று பார்ப்போமா என்றார். விவாதம் சூடாக நடந்தது. “நாங்க வாங்காட்டி வேற ஆள் வாங்கும்” என்றார் ஒருவர். அதில் பொய்யில்லை. இரண்டு பேர் குழுவைவிட்டே போனார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் கருவாடு குறைந்தது, வருமானமும் குறைந்தது. ஒருவருக்குத் தவணை பிந்தியபோது குழுச் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். வலை மீனில் போட்ட கருவாட்டை நல்ல மீன் என்று சொல்லிக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு நகரத்தில் சில வீடுகளுக்கு விற்க முடிந்தது. இழந்தது முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் முடிந்தும் அதைத் தொடர்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.

மகன் என்ன செய்கிறான் என்று அக்காவிடம் கேட்டேன். “அவன் இன்னும் ஒரு முடிவும் சொல்லேல்ல மிஸ். இப்ப அந்தத் தம்பியின்ட படகில ஆக்கள் ஏத்தி இறக்கப் போறான். காசு குறைவுதான். வெடி மீன் இந்த வீட்டுக்குள்ள வராது, வெடிக்குப் போன கையில சோறும் இல்ல எண்டு சொல்லிப்போட்டன்” என்றார்.

புறாமலை போக விரும்பும் சகோதரிகளுக்கு

சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் போக வேண்டாம். காலையிலேயே புறப்படுங்கள். பாதுகாப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். செருப்பைக் கழற்றாதீர்கள். நிற்பதானால் மணலில் நில்லுங்கள், முருகையில் கால் வைக்க வேண்டாம். சிப்பியோ முருகைத் துண்டோ எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படியும் குற்றம். கொண்டுபோன பையையும் போத்தலையும் திரும்பக் கொண்டு வாருங்கள். தனியே போவதைவிடக் குழுவாகப் போனால் செலவு குறையும். பெண் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கடல் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல.

திரும்பி வரும்போது அந்த அக்கா படகின் ஓரத்தில் இருந்து கையைத் தண்ணீரில் விட்டபடி வந்தார். கரை வந்த பிறகுதான் கையை எடுத்தார்.